வலியைப் பொறுத்துக்கொண்டு வாசிக்காதீர்கள்: புதிதாக இசை பழகுவோருக்கு

மிருதங்கம் பழகத் தொடங்கிய நான்காவது வருடத்தில் எனக்கு வலது மணிக்கட்டு போனது. நவராத்திரிக்குக் கோயிலில் வாசிக்கச் சொல்லியிருந்தார்கள், கையில் இரண்டு மாதம்தான் இருந்தது. வேலை முடிந்து கோலாலம்பூர் செந்தூல் வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு உட்கார்ந்தால் இரண்டரை மணி நேரம் எழுந்திருக்க மாட்டேன். ஒரு நாள் காலையில் மைலோ டின்னைத் திறக்க மூடிக்கு அடியில் கரண்டியை விட்டு நெம்பினேன். பெருவிரலின் அடியிலிருந்து முழங்கை வரை சுரீரென்று இழுத்தது, கரண்டி கீழே விழுந்துவிட்டது. உண்மையில் வலி அதற்கு மூன்று வாரம் முன்பே வந்துவிட்டது. கை பழகிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் வலிக்கிறது என்று நானே முடிவு செய்து, மாஸ்டரிடம் சொல்லாமல், கோடாலித் தைலத்தைத் தடவிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தேன். அந்த நவராத்திரிக்கு வாசிக்கவில்லை. அடுத்த ஐந்து மாதமும் வாசிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் போனால் வயலின் பெட்டியோடும் மிருதங்கப் பையோடும் பிள்ளைகள் வகுப்புக்குப் போவதைப் பார்க்கலாம். கூடவே முப்பது, நாற்பது வயதில் புதிதாகச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம். சுருதி சேர்ப்பது, தாளம் போடுவது எல்லாம் வகுப்பில் சொல்லித்தருவார்கள். உடம்பைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை, அதனால் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. என் கை பட்ட பாடும், பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தந்ததும், பிறகு நானாகத் தேடித் தெரிந்துகொண்டதும்தான் இதில் இருக்கிறது.

முதலில், களைப்பையும் வலியையும் பிரித்துப் பழகுங்கள்

இது ஒன்று கைவந்தால் மற்றதில் பாதி தானாக வந்துவிடும். களைப்பு என்றால் கை முழுக்கக் கனக்கும், எந்த இடம் என்று குறிப்பாகச் சொல்ல முடியாது, அரை மணி, ஒரு மணி நேரத்தில் போய்விடும், மறுநாள் காலையில் ஒன்றும் இருக்காது. வலி அப்படியில்லை. 'இதோ இங்கே' என்று ஒரு விரலை வைத்துக் காட்டலாம். ஒரு குறிப்பிட்ட சொல்லை (மிருதங்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் 'நம்', 'தொம்' என்று ஒரு சொல் உண்டு) வாசிக்கும்போது மட்டும் வரும், மறுநாள் காலையில் பல் விளக்கும்போதும் இருக்கும். மரத்துப்போவது, ஊசி குத்துவதுபோல் இருப்பது, பிடித்திருந்த பொருள் நழுவுவது எல்லாம் அதற்கும் மேலே. களைப்பு வந்தால் ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டுத் தொடரலாம். வலி வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், வாத்தியத்தை உறையில் போட்டுவிடுங்கள்.

வீணை, வயலின் பழகுகிறவர்களுக்கு விரல் நுனியில் வரும் எரிச்சலை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அது தோல் சமாச்சாரம், சில வாரத்தில் காய்த்துவிடும், பயப்பட வேண்டியதில்லை. கொப்புளம் கட்டினாலோ ரத்தம் கசிந்தாலோ தோல் ஆறும்வரை தந்தியைத் தொடாதீர்கள்.

அப்புறம், வலி வந்த அன்றைக்கே சொல்லிக்கொடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவார், பாடத்தை நிறுத்திவிடுவார் என்று பயந்துதான் நான் மறைத்தேன். கடைசியில் சொன்னபோது அவர் திட்டவே இல்லை. "மூன்று வாரமா? முதல் நாளே சொல்லியிருந்தால் இரண்டு நாள் ஓய்வோடு முடிந்திருக்கும் தம்பி" என்றார். பிறகு என்னை வாசிக்கச் சொல்லி, கையை மட்டும் பார்த்தார். 'நம்' போடும்போது என் பெருவிரல் மேலே தூக்கிக்கொண்டு கட்டைபோல் விறைத்து நின்றது. அடிப்பது ஆள்காட்டி விரல், அதற்குப் பெருவிரல் எதற்காக இத்தனை பாடுபட வேண்டும்? நான்கு வருடமாக நானும் கவனிக்கவில்லை, பத்துப் பேர் உட்காரும் வகுப்பில் அவர் கண்ணிலும் படவில்லை. அதனால் வாரத்துக்கு ஒரு முறை கைபேசியைக் கை உயரத்தில் நிறுத்தி வைத்து இரண்டு நிமிடம் படம் பிடித்துப் பாருங்கள், சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். தோள் காதை நோக்கி ஏறியிருக்கிறதா, தாடை இறுகியிருக்கிறதா, வேலை செய்யாத விரல் விறைத்திருக்கிறதா என்பது சத்தமில்லாமல் பார்த்தால்தான் தெரியும்.

உட்காரும் விதம்

நம் வாத்தியங்களுக்கு இதுதான் பெரிய விஷயம். மேற்கத்திய இசைக்காரர்களுக்கு எழுதிய ஆலோசனைகள் எல்லாம் நாற்காலியை வைத்துத்தான் இருக்கும், நாமோ தரையில் உட்கார்கிறோம். அதுவும் பகல் முழுக்க ஆபீஸ் நாற்காலியில் இருந்துவிட்டு, இரவில் திடீரென்று மார்பிள் தரையில் சம்மணம் போடுகிறோம். இடுப்பு மடங்காது, முட்டி இரண்டும் மேலே நிற்கும், முதுகு தானாகப் பின்னால் வளைந்துவிடும், அதைச் சமாளிக்கக் கழுத்து முன்னால் நீளும். பிறகு தோள் வலிக்கிறது என்று தோளைத் தேய்த்துக்கொண்டிருப்போம்.

இதற்கு மருந்து ஒரு பழைய துண்டுதான். இரண்டு குளியல் துண்டுகளை நான்காக மடித்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, அதன் முன் விளிம்பில் உட்காருங்கள். தொடை இல்லை, உட்காரும் எலும்பு இரண்டும்தான் துண்டின்மேல் இருக்க வேண்டும். முட்டி இடுப்பைவிடக் கீழே இறங்கியதும் முதுகு தானாக நிமிரும், நீங்கள் நிமிர்த்த வேண்டியதில்லை. முட்டி இன்னும் மேலேயே நின்றால் மூன்றாவது துண்டு வையுங்கள். மேடையில் துண்டோடு உட்கார வெட்கமாக இருந்தால் அதே உயரத்துக்கு ஒரு சின்ன மெத்தை தைத்துக்கொள்ளுங்கள்.

கால் மரத்துப்போவதையும் சாதாரணமாக விடாதீர்கள். முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம் எலும்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது, சம்மணத்தில் அது நசுங்கும். அடிக்கடி நீண்ட நேரம் நசுங்கினால் பாதத்தை மேலே தூக்க முடியாமல் போகிற அளவுக்கு அது பாதிக்கப்படலாம். இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு முறை காலை நீட்டி மடக்குங்கள். மரத்த காலோடு சட்டென்று எழுந்து நடக்கவும் கூடாது, கணுக்கால் பிசகிவிடும்.

வயலினில் தலைப்பகுதியை வலது பாதத்தில் தாங்க வைக்கிறோம் என்பதால் புதியவர்கள் அதை நோக்கியே குனிந்துகொண்டு போவார்கள். வயலின் உங்களிடம் வர வேண்டும், நீங்கள் அதைத் தேடிக் குனியக் கூடாது. காலைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தி, உடம்பு நேராக இருக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். வீணையில் மெட்டுகளை எட்டிப் பார்க்கக் கழுத்தைத் திருப்பியபடியே இருப்பது இதே மாதிரிதான். நேரம் எடுத்துக்கொண்டு, பார்க்காமல் கை போகப் பழகுங்கள்.

கையைச் சூடாக்காமல் தொடங்காதீர்கள்

கோலாலம்பூர் வெயிலில் கைக்கு என்ன குளிர் என்று கேட்பீர்கள். வகுப்பறையிலும் மண்டபத்திலும் ஏர்கோன் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். விரல் சில்லிட்டிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு நிமிடம் கையை வையுங்கள். தோளைச் சுழற்றுங்கள், கையை வீசி ஒரு சுற்று நடங்கள், விரல்களை மெதுவாக மூடித் திறங்கள். அழுத்தி இழுத்து நீட்டுவதெல்லாம் தொடக்கத்தில் வேண்டாம். அப்புறம் முதல் ஐந்து நிமிடம் முதல் காலத்தில் (மெதுவான வேகத்தில்) மட்டும், சத்தத்தைக் குறைத்து வாசியுங்கள்.

தோல் வாத்தியக்காரர்களுக்கு இன்னொன்று. மழைக்காலத்தில் ஈரப்பதம் ஏறித் தோல் தளர்ந்துவிடும், நாதம் மந்தமாகிவிடும், நமக்கே தெரியாமல் ஓங்கி அடிப்போம். என் மணிக்கட்டுக்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஓங்கி அடிக்கத் தோன்றினால் முதலில் கல்லையும் கட்டையையும் எடுத்துச் சுருதியைச் சரி பாருங்கள்.

எவ்வளவு நேரம் வாசிப்பது

புதிதாகத் தொடங்குகிறவர் முதல் இரண்டு வாரம் காலையில் பதினைந்து நிமிடம், மாலையில் பதினைந்து நிமிடம் வாசித்தால் போதும். பிறகு வாரத்துக்குப் பத்து விழுக்காடு மாதிரி கூட்டுங்கள், அதாவது வாரத்துக்கு 200 நிமிடம் வாசித்தால் அடுத்த வாரம் 220. தசை சீக்கிரம் பலப்பட்டுவிடும், தசையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண் மெதுவாகத்தான் பலப்படும். முடிகிறதே என்று நமக்குத் தோன்றும்போது அதற்கு முடியாமல் இருக்கும். வேகமும் அப்படித்தான், மூன்றாம் காலத்தை எட்டிப் பிடிக்கிற ஆசையில்தான் கை இறுகுகிறது. இரண்டாம் காலத்தில் தளர்வாக வராதது மூன்றாம் காலத்தில் தளர்வாக வராது. தீபாவளி விடுமுறைக்குப் பத்து நாள் வாசிக்காமல் இருந்துவிட்டுத் திரும்பினால் பழைய நேரத்தில் பாதியில் தொடங்குங்கள்.

25 நிமிடம் வாசித்தால் ஐந்து நிமிடம் ஓய்வு, கைபேசியில் மணி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் அதே கைபேசியைப் பெருவிரலால் தள்ளிக்கொண்டிருந்தால் அது ஓய்வு ஆகாது. ஓய்வு நேரத்தை வீணாக்க மனமில்லை என்றால் நம்மிடம் அருமையான வழி இருக்கிறது: சொற்கட்டை வாயால் சொல்லுங்கள், தொடையில் மெல்லத் தாளம் மட்டும் போடுங்கள். எனக்குக் கை கட்டிக்கிடந்த ஐந்து மாதமும் இதைத்தான் செய்தேன், திரும்பி வந்தபோது தாளக் கணக்கு முன்பைவிடத் தெளிவாக இருந்தது. பாடுகிறவர்களும் வீணைக்காரர்களும் ஸ்வரத்தை மனதுக்குள் ஓடவிட்டுப் பழகலாம்.

கணக்குப் போடும்போது வாசிப்பை மட்டும் எண்ணாதீர்கள். பகலில் எட்டு மணி நேரம் கீபோர்டு, கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஒரு மணி நேரம் மோட்டார் கிளட்சைப் பிடித்துப் பிடித்து விடுவது, வீட்டில் கைக்குழந்தையைத் தூக்குவது, எல்லாம் அதே மணிக்கட்டுதான் செய்கிறது. எனக்கு வந்ததை டி குவெர்வன் என்கிறார்கள். பெருவிரலை இழுக்கும் தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரு குறுகலான உறைக்குள் ஓடுகின்றன, அந்த உறை தடித்துப்போனால் ஒவ்வொரு அசைவிலும் உரசும். பச்சைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்மார்களுக்கும் இது நிறைய வருகிறது. குழந்தை பிறந்த வருடத்தில் வீணைக்குத் திரும்புகிற அக்காமார்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மிருதங்கத்தை ஒரே தோளில் மாட்டிக்கொண்டு எல்ஆர்டி ரயில் நிலையப் படி ஏறாதீர்கள். பலா மரம் கனம், இரண்டு தோளிலும் மாட்டும் பை வாங்குங்கள்.

காது

கை போனால் திரும்பி வரும். காது போனால் வராது, அதனால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம், அதற்கு மேல் கூடாது என்பதுதான் மலேசியாவில் 2019-இல் வந்த வேலையிட இரைச்சல் விதிமுறையும் வைத்திருக்கும் வரம்பு. மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும்: 88-க்கு நான்கு மணி, 91-க்கு இரண்டு மணி, 94-க்கு ஒரு மணி, 100-க்குப் பதினைந்தே நிமிடம். மூடிய அறையில் ஏழெட்டு உருமியும் டிரம்மும் சேர்ந்து அடித்தால் 100-ஐ எளிதாகத் தொடும். கைபேசியில் டெசிபல் அளக்கும் செயலி இருக்கிறது, துல்லியமாக இருக்காது, ஆனால் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று காட்டும்.

லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில் வயோலா (வயலின் போன்ற வாத்தியம்) வாசித்த கிறிஸ்டோபர் கோல்ட்ஷைடர் என்பவருக்கு 2012-இல் ஓர் ஒத்திகையில், பின்னால் உட்கார்ந்திருந்த பித்தளை வாத்தியங்களின் சத்தத்தால் காது பாதிக்கப்பட்டது. பிறகு அவரால் தொழிலைத் தொடர முடியவில்லை. 2018-இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

உருமி மேளக் குழுவில் புதிதாகச் சேரும் தம்பி, தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒத்திகையை முடிந்தவரை திறந்த வெளியில் வையுங்கள், சுவர் மூலையில் நிற்காதீர்கள். இசைக்கலைஞர்களுக்கென்றே காதடைப்பான் விற்கிறார்கள், எல்லாச் சுரத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும், பக்கத்தில் அடிப்பவரின் அடி தெளிவாகக் கேட்கும். அது கிடைக்கும்வரை பார்மசியில் விற்கும் ஃபோம் காதடைப்பானைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒத்திகை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு காதில் 'ஙொய்' என்று கேட்டால் அன்றைக்கு அளவை மீறிவிட்டீர்கள். மறுநாளும் கேட்டால் காது டாக்டரைப் பாருங்கள்.

தைப்பூசம் தனி விஷயம். ஜாலான் துன் எச்.எஸ். லீ மகாமாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்கு இரதம் போகும் வழி ஏறக்குறைய 15 கிலோமீட்டர், அப்புறம் 272 படி. வாத்தியத்தைத் தோளில் தொங்கவிட்டு மணிக்கணக்கில் வெறுங்காலில் நின்று அடிப்பதற்கு உடம்பை முன்கூட்டியே தயார் செய்ய வேண்டும். இரண்டு மாதம் முன்பே நின்றபடி ஒத்திகை தொடங்குங்கள். வாரை அகலமாக, பஞ்சு வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள், தோளை அரை மணிக்கு ஒரு முறை மாற்றுங்கள். குழுவில் இரண்டு பேர் கூடுதலாக இருந்தால் முறை வைத்து இறங்கி ஏறலாம். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள், வியர்வை வழிந்தால் கொஞ்சம் உப்புச் சேர்ந்த மோரும் குடியுங்கள்.

பாடுகிறவர்களுக்கு

கூட்டு வகுப்பில் எல்லோருக்கும் ஒரே சுருதியை வைத்துவிடுவார்கள். அது உங்கள் குரலுக்குப் பொருந்தாவிட்டால் தொண்டையை நெருக்கிப் பாடுவீர்கள், குரல் நாண் இரண்டும் மோதி மோதி நாளடைவில் முடிச்சுப்போல் தடித்துவிடும். வீட்டில் பயிற்சி செய்யும்போது உங்கள் கட்டையை, அதாவது உங்கள் குரலுக்கேற்ற சுருதியை, தனியாகக் கண்டுபிடித்து அதில் பாடுங்கள், வகுப்பில் மேல் ஸ்தாயி எட்டவில்லை என்றால் வாயை மூடிக் கேட்பதில் தப்பே இல்லை. தொண்டையைச் செருமாதீர்கள், ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். குரல் கம்மியிருக்கும்போது கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வு என்று நினைக்கிறார்கள், அது ஓய்வில்லை, பேசாமல் இருப்பதுதான் ஓய்வு. புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடான ஐ.பி.யு. 100-ஐத் தாண்டிய நாளில் முழுக்குரல் சாதகத்தை விட்டுவிடுங்கள். குரல் கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் கஷாயத்தை நிறுத்திவிட்டுக் காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

வலி வந்தேவிட்டால்

வாசிப்பை நிறுத்துங்கள், முதல் இரண்டு மூன்று நாள் அந்தக் கையால் பாரம் தூக்காதீர்கள். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு வாசிக்க உட்காராதீர்கள், எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டு வண்டி ஓட்டுகிற மாதிரி அது. தைலம் தடவினால் இதமாக இருக்கும், தப்பில்லை. ஆனால் வீங்கியிருக்கும்போதும் மரத்திருக்கும்போதும் சுளுக்கு எடுப்பவரிடம் போய் அழுத்தி உருவிவிடச் சொல்லாதீர்கள். பெரியவர்கள் அன்பாகத்தான் அனுப்புவார்கள், எனக்கும் அப்படி நடந்தது, மறுநாள் வீக்கம் இரண்டு மடங்காகிவிட்டது.

ஒரு வாரத்தில் குறையவில்லை என்றால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள், குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். அங்கிருந்து கடிதம் வாங்கி மருத்துவமனையில் நிபுணரையும் பிசியோதெரபியையும் பார்க்கலாம். போகும்போது எந்த விரல், எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது, எந்த அசைவில் வருகிறது என்று எழுதிக்கொண்டு, நீங்கள் வாசிக்கும் காணொளியையும் கொண்டு போங்கள். நான் முதலில் பார்த்த டாக்டருக்கு மிருதங்கத்தில் கை எப்படிப் போகும் என்று தெரியவில்லை, நானும் காட்டவில்லை, வலி மாத்திரையோடு அனுப்பிவிட்டார். மரத்துப்போகும் விரலைச் சரியாகச் சொல்வது முக்கியம்: பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்றால் பெரும்பாலும் மணிக்கட்டில் நசுங்கும் நரம்பு, சுண்டுவிரல் பக்கம் என்றால் பெரும்பாலும் முழங்கையில். தனியார் பிசியோதெரபிஸ்டிடம் போனால் துணை மருத்துவத் துறையினரைப் பதிவு செய்யும் 774-ஆவது சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

இன்னொன்று, சர்க்கரை. மலேசியாவில் ஏறக்குறைய ஆறு பெரியவர்களில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது, நம் சமூகத்தில் அது இன்னும் அதிகம். தோள் இறுகிப்போவது, விரல் மடங்கிச் சிக்கிக்கொள்வது, மணிக்கட்டு நரம்பு நசுங்குவது எல்லாம் சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகமாக வரும். நாற்பது வயதுக்கு மேல் வாத்தியம் தொடங்குகிறவர்கள் ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

வலியே இல்லாமல் விரல் சொன்னபடி கேட்காமல் போனால், வாசிக்கும்போது மட்டும் ஒரு விரல் தானாகச் சுருண்டுகொண்டால், நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃப்ளைஷருக்கு 1964-இல் வலது கை விரல்கள் அப்படித்தான் சுருண்டன. முப்பது வருடம் இடது கைக்கென்று எழுதிய இசையை வாசித்தார், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார், 1990-களில் போடோக்ஸ் ஊசி சிகிச்சைக்குப் பிறகுதான் இரண்டு கையாலும் திரும்ப வாசிக்க முடிந்தது. இதற்கு இன்னும் கடுமையாகப் பயிற்சி செய்வது மருந்து ஆகாது.

காசுக்குக் கச்சேரி வாசிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றால் சொக்சோவில் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சுயதொழில் செய்வோருக்கான திட்டம் இருக்கிறது, கலைத்துறையும் அதில் அடங்கும். வேலையில் அடிபட்டால் சிகிச்சைக்கும் வருமான இழப்புக்கும் உதவும், சேர்ந்துவிடுங்கள்.

திரும்ப வாசிக்கும்போது

ஓய்வெடுத்து வலி போனதும் உற்சாகத்தில் ஒரு மணி நேரம் வாசித்து மறுபடி கெடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய. என் பிசியோதெரபிஸ்ட் வைத்த சோதனை எளிமையானது: கதவுப்பிடியைத் திருப்புவது, துணி பிழிவது, டின் திறப்பது, இந்த மூன்றும் ஒரு வாரம் முழுக்க வலியில்லாமல் நடந்தால்தான் வாத்தியத்தைத் தொடலாம். அதன் பிறகு ஐந்து நிமிடம், முதல் காலம் மட்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள். மறுநாள் காலையில் வலி இல்லை என்றால் அடுத்த முறை இரண்டு நிமிடம் கூட்டுவேன், இருந்தால் முந்தின அளவுக்கு இறங்கிவிடுவேன். நாள்காட்டியில் தேதிக்குப் பக்கத்திலேயே பென்சிலால் நிமிடத்தைக் குறித்து வைத்தேன்.

முதல் நாள் மாஸ்டர் எதிரே உட்கார்ந்து தாளம் போட்டார். ஐந்து நிமிடமும் 'ததிகிணதொம்' மட்டும்தான், பெருவிரல் மேலே தூக்கும்போதெல்லாம் அவர் தாளத்தை நிறுத்திவிடுவார், நான் கையைக் கீழே தொங்கவிட்டு உதறிவிட்டு மறுபடி தொடங்குவேன். ஒன்பது முறை நிறுத்தினார்.